பதிலுக்கு நிற்கும் பெயர்

சென்னை
6 ஜனவரி 2025

மாமா,

போனைக் கட்டில் மேல் போட்டுவிட்டு, அதன் சார்ஜரை மட்டும் பையில் எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடிய ஒரே மனுஷன் நீங்களாகத்தான் இருப்பீர்கள். உங்கள் சித்தப்பா மகன் சின்னக்கண்ணு நம்பருக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. "அண்ணன் போனைத் தொடவே மாட்டேங்குதுங்க அண்ணி. காதுல வெச்சா பேர் சொல்லிக் கூப்புடுவாங்களாம்" என்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். இதற்கு முன்னால் நான் பேனா பிடித்து எழுதியது பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர்.

சரி, சண்டைக்கு வருகிறேன். மேனேஜர் ஜாபர் உசேன் சார் முன்னால் நான் சிரித்தது தப்பு. "கொல்லிமலைப் பேய் கம்ப்யூட்டருக்குள்ளயும் வந்துருச்சா?" என்று கேட்டது அதைவிடத் தப்பு. அதற்காக, ஷிப்டு பாதியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு, கட்டிய பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறுவதா?

என் அம்மா காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கூப்பிட்டு, "மாப்பிள்ளை எதுக்கு கண்ணு ஊருக்குப் போயிட்டாரு?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? "அம்மா, எங்க ஆபீஸ்ல ஒரு பெரிய மெஷின் இருக்குது, மெயின்ஃப்ரேம்னு பேரு. அதுக்குள்ள இருக்கற ஆபரேட்டிங் சிஸ்டம்தான் எல்லா வேலையையும் ஓட்டும். அதுக்குச் சந்தேகம் வந்தா கன்சோல் திரையில ஒரு கேள்வி போடும். ஆபரேட்டர் பதில் தட்டற வரைக்கும் அந்தக் கேள்வி அங்கேயே நிக்கும். பத்து வருஷமானாலும் நிக்கும். உன் மாப்பிள்ளைதான் ஆபரேட்டர். அன்னிக்குக் கேள்வி வர்ற இடத்துல அவரு பேரு வந்து நின்னுச்சு. அவ்வளவுதான்" என்றேன். அம்மா, "வெறும் பேரு மட்டுமா?" என்றாள். அவளும் உங்கள் கட்சிதான் போல.

மாமா, அது உங்கள் கூட ஷிப்டு பார்த்த தனபால் அண்ணன் வேலை. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது, ஆனால் மனுஷன் இருந்தவரைக்கும் கூட இருப்பவர்களைக் கலாய்ப்பதே பிழைப்பாக வைத்திருந்தார். ஏதோ ஒரு மூலையில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார். அந்த சிஸ்டத்தை ஏற்றிப் பராமரிப்பவள் நான். தேடி எடுத்து உங்கள் முகத்துக்கு நேரே காட்டுகிறேன். கிளம்பி வாருங்கள்.

அருணா

வாசலூர்பட்டி
11 ஜனவரி 2025

அருணா,

சார்ஜர் விஷயம் பழக்கதோஷம். இங்கே வந்து பையைத் திறந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது.

முதலில் ஒன்று. இனிமேல் உறை மேல் அம்மா பெயரைப் போடு, பாப்பாத்தி என்று. தபால்காரர் வாசலில் நின்று என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். நான் மரவள்ளிக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். முப்பத்தெட்டு வயசு ஆம்பிளை. நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரித்துக்கொள்.

ஆனால் இதைக் கேள். எங்கள் மலையில் மூட்டம் இறங்கினால் பக்கத்து வரப்பில் நிற்பவன் தெரியமாட்டான். அப்போது ஒருத்தரைக் கூப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கூப்பிடுகிறவன் முதலில் தன்னைச் சொல்ல வேண்டும். "நான் மேலூட்டுச் சின்னக்கண்ணு கூப்படறேன், ஏனுங்கண்ணா!" என்றால்தான் பதில். தன்னைச் சொல்லாமல் வெறும் பெயரைக் கூப்பிட்டால், பெற்றவள் குரலாக இருந்தாலும் வாய் திறக்க மாட்டோம். பதில் சொன்னால், கூப்பிட்ட இடத்துக்குப் போயாக வேண்டும் என்பார்கள்.

நம் சிஸ்டமும் அப்படித்தானே? எந்தச் செய்தி வந்தாலும் முன்னால் ஒரு அடையாள எண் இருக்கும். டேப் பேசுகிறதா, டிஸ்க் பேசுகிறதா, எந்த வேலை கேட்கிறது என்று அதை வைத்துத்தான் சொல்வோம். நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய், எண் இல்லாமல் இந்த மெஷின் வாயே திறக்காது என்று. என் பெயருக்கு முன்னால் எண் இல்லை. யார் கேட்பது என்று சொல்லாமல் என் பெயரைச் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்கிறது.

தனபால் கலாய்ப்பான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீபாவளி வாரத்தில் அவன் பெயர் இதே மாதிரி வந்தபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. அப்புறம் சமாளித்துக்கொண்டு, "சொல்லு தம்பி" என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டினான். பெயர் மறைந்தது. அடுத்த வாரம் டீக்கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன், "ஓய், வரேன்" என்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே எழுந்து ரோட்டில் இறங்கினான். லாரி வந்தது எனக்குத் தெரிந்தது, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே யாரும் அவனைக் கூப்பிடவில்லை அருணா. நான் கூடவே இருந்தேன்.

இங்கே வந்த மறுநாள் மிளகுத் தோட்டத்தில் என் பெயர் கேட்டது. போட் ஹவுஸுக்கு வந்த டூரிஸ்ட் யாரோ கத்துகிறான் என்று நினைத்தேன். ஏரி இருப்பது மேற்கே. குரல் வந்தது எதிர்ப்பக்கம், கீழ்ச்சரிவிலிருந்து. அங்கே வீடு கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன். இப்போதைக்கு வர மாட்டேன், மன்னித்துக்கொள்.

பெயர் போடவில்லை. கையெழுத்து உனக்குத் தெரியும்.

சென்னை
16 ஜனவரி 2025

மாமா,

ஒரு டம்ளர் அரிசியில் பொங்கல் வைத்தேன். பாதியை வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன், மீதியை இரண்டு நாள் நானே தின்றேன். தனியாகப் பொங்கல் கொண்டாடிய கல்யாணமான பெண் என்று அடுத்த ஃபிளாட்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன்.

தனபால் அண்ணன் ரோட்டைக் கடக்கும்போதும் காதில் பாட்டு மாட்டிக்கொண்டிருப்பவர். அதையும் நீங்கள் எழுதியிருக்கலாம்.

தேடினேன். நம் சிஸ்டத்தில் புரோகிராம்களை அடுக்கி வைத்திருக்கிற அத்தனை நூலகங்களையும் ஒன்று விடாமல் துழாவினேன். உங்கள் பெயர் ஆபரேட்டர் பட்டியலில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. அந்தச் செய்தியை எழுதும் புரோகிராமைக் காணவில்லை. காணவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, நான் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புது வெர்ஷன் வந்துவிட்டது. குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமை, நாம் கணக்கு ஓட்டிக் கொடுக்கிற இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்களுக்கு லீவு. அன்றைக்கு மெஷினை இறக்கி, புதுசை ஏற்றி எழுப்பப் போகிறோம். எழுந்து வரும்போது பழைய கேள்வி, பழைய ஞாபகம் எதுவும் அதற்கு இருக்காது. உங்கள் பெயரும் போய்விடும். நல்ல செய்திதானே?

ஆனால் உங்கள் பெயர் ஒரு பாலிசிக் கணக்கு வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பதில் போனால்தான் அந்த வேலை முடியும், மெஷின் ஒழுங்காக இறங்கும். "யாரோட பேரா இருந்தா என்னம்மா, தட்டி விடுங்க" என்கிறார் ஜாபர் சார். என் ஐடியிலிருந்து தட்டினேன். ஏற்கவில்லை. ஜூனியர் நௌஷீன் ஐடியிலிருந்து தட்டினோம், அதையும் ஏற்கவில்லை. உங்கள் ஐடிதான் வேண்டுமாம்.

நீங்கள் வந்து தட்டுங்கள். இல்லையென்றால் உங்கள் பாஸ்வேர்டை மாற்றி நானே உள்ளே போய் உங்கள் பெயரில் தட்டிவிடுகிறேன். எது வேண்டுமோ சொல்லுங்கள்.

அருணா

வாசலூர்பட்டி
21 ஜனவரி 2025

அருணா,

தட்டாதே. என் பெயரில் நீ பதில் போடாதே. இதைப் படித்த கையோடு ஜாபர் சாரிடம் போய், பதில் இல்லாமலே மெஷினை வலுக்கட்டாயமாக நிறுத்தச் சொல். ஒரு வேலை கெட்டுப்போகும், மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். வேலை கெட்டதற்கான அறிக்கையை வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன்.

சின்னக்கண்ணுவை விட்டு உனக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறேன். அவன் பாதியைத்தான் சொல்வான், அதனால் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம் அப்பாசாமி என்று ஒருத்தர் இருந்தார். நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மூட்டம் இறங்கினால் கதவைச் சாத்திக்கொள்வார். கல்யாணமான புதிதில் ஒருநாள் சரிவிலிருந்து அவர் பெயரை யாரோ கூப்பிட்டார்களாம். அவர் பேசாமல் இருந்தார். உலை வைத்துக்கொண்டிருந்த அவர் பெண்டாட்டி, "அவரு இங்கதான் இருக்கறாருங்க, என்ன வேணும்?" என்று உள்ளே இருந்தே பதில் சொல்லிவிட்டாள். அதன்பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவளைத்தான் கூப்பிட்டது. சாமைக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போனாள். எல்லாரும் பார்த்தார்கள். திரும்பி வரவில்லை.

பதில் சொன்னவர்கள் குரல்தான் அதற்குத் தெரியும் என்கிறாள் அம்மா. பெயர் என்னுடையது, ஆனால் வாய் உன்னுடையதாகிவிடும். அப்பாசாமி தொண்ணூறு வயது வரை இருந்தார். ஒருத்தரும் அவரைத் திட்டியதில்லை. அவர் வீட்டில் ஒருத்தரும் சாப்பிட்டதும் இல்லை.

நீ என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் சரி. எனக்காக இதை ஒன்று மட்டும் செய். கை வைக்காதே.

சென்னை
25 ஜனவரி 2025

மாமா,

முடிந்தது. இன்று மத்தியானம் உங்கள் ஐடியில் உள்ளே போய், "கோ" என்று தட்டினேன். மேலே போ என்று எல்லாக் கேள்விக்கும் நாம் போடுகிற அதே பதில். உங்கள் பெயர் ஒரு நொடியில் மறைந்தது. பாலிசி வேலை முடிந்தது. நாளைக்கு மெஷின் இறங்குகிறது.

சின்னக்கண்ணு புதன்கிழமையே போன் செய்தார். "அண்ணன் எதுவும் பண்ண வேண்டாம்னு சொல்லுதுங்க அண்ணி, காரணம் கடுதாசியில வருதாம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கட்டிய பெண்டாட்டியிடம் வேண்டாம் என்று சொல்ல மூன்றாம் மனுஷன் வாய் வேண்டுமா? நேரில் வந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

தட்டியதும் ஒரு சின்ன கூத்து. பக்கத்தில் இருந்த நௌஷீன் திரும்பி, "என்னக்கா, கூப்பிட்டீங்களா?" என்றாள். "நான் எங்க கூப்பிட்டேன்?" என்றேன். "இல்ல, 'ம், சொல்லுங்க'ன்னீங்களே" என்கிறாள். நான் வாயே திறக்கவில்லை. மெஷின் ஹாலில் ஃபேன் போடுகிற சத்தத்தில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான்.

இனி உங்களைக் கூப்பிட யாரும் இல்லை. மூட்டையைக் கட்டுங்கள்.

அருணா

வாசலூர்பட்டி
25 ஜனவரி 2025

கண்ணு,

உன் பெயரை இதில் எழுதவில்லை. காரணம் உனக்கே புரியும்.

மத்தியானம் மிளகுக்கொடி ஏறிய மரத்தில் ஏணி போட்டு மேலே நின்றிருந்தேன். சின்னக்கண்ணு அடுத்த மரத்தில். மூட்டம் வந்து அவன் ஏணிகூடத் தெரியவில்லை. கீழ்ச்சரிவிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டது. வழக்கம்போல உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அதே சரிவிலிருந்து ஒரு பெண் குரல், "ம், சொல்லுங்க" என்றது.

ஆபீஸில் போன் எடுத்ததும் நீ சொல்வாயே, தலையைச் சாய்த்துக்கொண்டு, கொஞ்சம் அலுப்பாக. அதே குரல். மூட்டத்துக்குள்ளிருந்து சின்னக்கண்ணு, "அண்ணி எப்பங்கண்ணா வந்தாங்க?" என்று கேட்டான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கால் சிராய்ந்திருக்கிறது. ஓடை வரைக்கும் ஓடினேன். உன் பெயர் வாய் வரைக்கும் வந்தது, கூப்பிடாமல் ஓடினேன். அங்கே யாரும் இல்லை. மண்ணில் ஈரம் இருந்தது, கால் தடம் இல்லை.

என் கடிதம் உனக்குப் போய்ச் சேரவில்லை, இல்லையா? சேர்ந்தும் தட்டினாயா? எதுவானாலும் கோபமில்லை. உன்னைத் தனியாக அந்த நாற்காலியில் விட்டுவிட்டு வந்தவன் நான். என் மேல்தான் எனக்குக் கோபம்.

இனிமேல் யார் கூப்பிட்டாலும், ஆளைக் கண்ணால் பார்க்காமல் பதில் சொல்லாதே. பஸ்ஸில், கடையில், எங்கேயும். தயவுசெய்து.

சென்னை
31 ஜனவரி 2025

மாமா,

உங்கள் இரண்டு கடிதமும் வந்துவிட்டன. முதலாவது திங்கட்கிழமை வந்தது. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் தட்டியிருக்க மாட்டேனா என்று கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. இருந்த கோபத்தில் தட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மெஷினை இறக்கினோம். புது சிஸ்டத்தை ஏற்றினேன். ஒவ்வொரு கோப்பும் என் கையால் போட்டது, ஒவ்வொரு வரியும் நான் பார்த்தது. பழைய ஞாபகம் ஒரு துளி இல்லாமல் எழுந்தது. திரை வெறுமையாக இருந்தது. முதல் செய்தி வரும் என்று ஜாபர் சார், நான், நௌஷீன் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் வந்தது என் பெயர். எண் இல்லை. வேலையின் பெயர் இல்லை. என் பெயர் மட்டும் வந்து, பதிலுக்கு நின்றது.

ஜாபர் சார் சிரித்தார். "உங்களுக்கும் வந்துருச்சாம்மா?" என்றார். நான் அன்றைக்கு உங்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. நௌஷீன் உதவி செய்கிறேன் என்று என் ஐடியில் நுழைந்து பதில் போடப் போனாள். என் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும், நான்தான் கொடுத்து வைத்திருந்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். விரல் நகம் பட்டு அவளுக்கு ரத்தம் வந்துவிட்டது. பாவம், அழுதாள். அப்போதே பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

அன்றிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பயமாக இருக்கிறது. நான் இல்லாத நேரத்தில் யாராவது தட்டிவிட்டால்? பிப்ரவரி ஏழு வரைக்கும்தான் ஜாபர் சார் அவகாசம் கொடுத்திருக்கிறார். அதற்குமேல் பாஸ்வேர்டு பார்க்கிற செக்யூரிட்டி டீமில் சொல்லி என் ஐடியைத் திறந்து அவரே தட்டிவிடுவாராம். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்து அவர் பெயர் வரும், இல்லையா? இப்படியே எங்கே போய் முடியும்?

நேற்று பஸ் ஸ்டாப்பில் பின்னாலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரே கூட்டம். யாரோ தெரிந்தவர் என்று பாதி திரும்பிவிட்டேன். வாயில் "ம்" வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு எல்லாவற்றையும் விளக்கத் தெரியும் மாமா. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. பயமாக இருக்கிறது. நான் சிரித்ததை மறந்துவிட்டு வந்துவிடுங்கள். பக்கத்தில் இருந்தால் போதும், ஒன்றும் செய்ய வேண்டாம்.

அருணா

வாசலூர்பட்டி
5 பிப்ரவரி 2025

கண்ணு,

உன் கடிதம் நேற்று வந்தது. பை எடுத்து வைத்து, வீட்டு வாசலில் செம்மேடு போகிற பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அம்மா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, "சாமி, யாரோ ஊட்டுக்குப் பின்னால நின்னு அருணா, அருணாங்கறாங்க. உன் ஊட்டுக்காரி வந்துட்டாளா? நான் இந்தா வாரேன்னு சொல்லட்டா?" என்றாள்.

வெயில் நேரம், மூட்டம் இல்லை, அதனால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அவள் வாயைக் கையால் பொத்திவிட்டேன். பெற்ற தாயின் வாயை. உன்னை இந்த ஊரில் மருமகள் என்றும் கண்ணு என்றும்தான் கூப்பிடுவார்கள். உன் பெயரைச் சொல்கிறவர் யாரும் இங்கே இல்லை.

பையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். நான் அங்கே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தால் இருவரும் சேர்ந்து பயப்படுவோம், அவ்வளவுதான். அது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். நீ தூங்குவாய், அசதியில் ஒருநாள் "ம்" என்பாய்.

அம்மாவிடம் கேட்டேன், அப்பாசாமி பெண்டாட்டியைக் காப்பாற்ற வழியே இல்லையா என்று. அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள், "ஏன் இல்லாம? பேருக்குரியவன் வாயால பதில் சொல்லியிருந்தா நடுவால வந்தவளை அது உட்டுருக்கும். அவரு சொல்லலையே." நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவள் யோசிக்கவில்லை. போட் ஹவுஸில் கூட்டமா என்று கேட்டாள்.

முதலில் கூப்பிட்டது என்னைத்தான். பதில் நான்தான் சொல்லியிருக்க வேண்டும். நாளைக் காலையில் மூட்டம் இறங்கும்போது கீழ்ச்சரிவில் போய் நின்று, "நான் யுவராஜ்" என்று சொல்லப் போகிறேன். ஒரு மாதம் கழித்து என் பெயரை நானே எழுதிவிட்டேன், பார்த்தாயா? எழுதியதும் கொஞ்சம் லேசாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். பேயாவது பிசாசாவது என்று நீ சொல்வாயே, அது சரியாகவும் இருக்கலாம். அப்படியானால் இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து கதவைத் தட்டுவேன், நீ வாழ்நாள் முழுக்க என்னைக் கலாய்த்துக்கொள்.

அப்பாசாமி மாதிரி தொண்ணூறு வயது வரை கதவைச் சாத்திக்கொண்டு இருக்க என்னால் ஆகாது. உன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். சொல்லியிருக்க மாட்டேன், சொல்ல வராது எனக்கு. நீ சிரிக்கும்போதுகூடப் பிரியம்தான், அன்றைக்கு ஜாபர் சார் முன்னால் சிரித்தபோதும்.

கேஸ் தீர்ந்திருக்கும், புக் பண்ணு. நௌஷீனிடம் மன்னிப்புக் கேள்.

யுவராஜ்

சென்னை
6 பிப்ரவரி 2025

மாமா!

போய்விட்டது! என் பெயர் போய்விட்டது! காலையில் ஷிப்டுக்கு வந்து உட்கார்ந்து, பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, கண்ணெதிரே மறைந்தது. நௌஷீன் கத்திய கத்தலில் செக்யூரிட்டி ஓடி வந்துவிட்டார். அவளுக்கு ஒரு பெரிய கேக் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டேன்.

பதிவை எடுத்துப் பார்த்தேன். ஆகா, திருடன்! பதில் உங்கள் ஐடியிலிருந்து வந்திருக்கிறது. "நான் யுவராஜ்" என்று இங்கிலீஷ் எழுத்தில். பேய் பிசாசு என்று என்னை அழவிட்டுவிட்டு, கமுக்கமாகச் செம்மேட்டில் ஏதோ கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து உள்ளே நுழைந்திருக்கிறீர்கள்! உங்கள் ஐடியை நான் புது சிஸ்டத்தில் சேர்க்கவே இல்லை. எப்படித் திறந்தீர்கள் என்று நேரில் சொல்லுங்கள், இத்தனை நாள் உங்களை வெறும் ஆபரேட்டர் என்று நினைத்தது என் முட்டாள்தனம். ஜாபர் சார் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடனே சொல்லலாம் என்று சின்னக்கண்ணுவுக்குப் போன் செய்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. காலையிலிருந்து பத்துத் தடவை ஆகிவிட்டது. ஒரு தடவை எடுத்தார், பின்னால் நிறையப் பேர் கத்துவது கேட்டது, ஏதோ தேடுகிற மாதிரி. "அண்ணி, அப்புறம் பேசறேனுங்க" என்று வைத்துவிட்டார். மாடு ஏதாவது தொலைந்துபோச்சா?

பதினாலாம் தேதி லீவு சொல்லிவிட்டேன். காளப்பநாயக்கன்பட்டியில் அம்மாவைப் பார்த்துவிட்டு முதல் பஸ்ஸில் மேலே வருகிறேன். உங்களை நானே வந்து கூட்டிப் போகிறேன், அப்போதுதான் மறுபடி ஓட மாட்டீர்கள். செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். அத்தைக்குப் புடவை வாங்கியிருக்கிறேன், சொல்ல வேண்டாம்.

கல்யாணமானதிலிருந்து உங்களை மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு பஸ் ஜன்னலிலிருந்து, ஊரே பார்க்க, உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறேன். உங்கள் ஊர் முறைப்படியேதான், "நான் அருணா கூப்படறேன்" என்று முதலில் சொல்லிவிட்டு. மூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே கூப்பாட்டில் பதில் வர வேண்டும், ஆமாம்.

உங்கள்
அருணா